ராணுவம் கழித்துவிட்ட டிரெய்லரில் காட்டு கேம்பிங்: ஏலம் கேட்கும் முன் இந்த எடைக் கணக்கைப் பாருங்க!

ஜீப்புக்குப் பின்னால் ராணுவப் பச்சை நிறத்தில் ஒரு குட்டி டிரெய்லர். மேலே கூடாரம், பக்கவாட்டில் தண்ணீர் கேன், பின்கதவைத் திறந்தால் அடுப்பு. அமெரிக்காவின் யூட்டா, அரிசோனா, கலிஃபோர்னியா பாலைவனங்களில் எடுக்கப்பட்ட பயண வீடியோக்களில் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பீங்க. அதில் சில டிரெய்லர்கள் ஷோரூமில் வாங்கியவை அல்ல. அமெரிக்க ராணுவம் 'இனி தேவையில்லை' என்று கழித்து, ஏலத்தில் விற்றவை.

புதிய ஆஃப்-ரோடு கேம்பிங் டிரெய்லரின் விலையோடு ஒப்பிட்டால் ஏல விலை மிகவும் குறைவு. 'போரையே தாங்கின வண்டி, நம்ம கேம்பிங்கைத் தாங்காதா?' என்றுதான் பலரும் யோசிக்கிறார்கள். தாங்கும். ஆனா அதை இழுக்கும் உங்க வண்டி தாங்குமா? சாலையில் ஓட்ட பேப்பர் கிடைக்குமா? பெயிண்டைச் சுரண்டினால் என்ன ஆகும்? இந்த மூன்று கேள்விக்கும் பதில் தெரியாமல் வாங்கினால், மலிவாக வந்த டிரெய்லர் வீட்டு வாசலிலேயே துருப்பிடித்து நிற்கும். இல்லைன்னா, இறக்கத்தில் உங்க வண்டியைத் தள்ளிவிடும்.

வாங்குவது முதல் மாற்றி அமைப்பது வரை, அமெரிக்க நடைமுறைப்படி இங்கே விரிவாகப் பார்க்கலாம்.

இந்த டிரெய்லர்கள் எங்கிருந்து வந்தன?

கதை இரண்டாம் உலகப் போரில் தொடங்குகிறது. முதல் ஜீப்பை உருவாக்கிய பேன்டம் நிறுவனத்துக்கு, ஜீப் தயாரிப்புக்கான பெரிய ஆர்டர் கிடைக்கவில்லை. அது வில்லிஸ், ஃபோர்டு நிறுவனங்களுக்குப் போனது. பேன்டம், ஜீப் இழுக்கும் கால் டன் டிரெய்லர்களைத் தயாரித்தது. போர் முடிந்ததும் அந்த டிரெய்லர்கள் விவசாயிகள் கைக்கும் வேட்டைக்காரர்கள் கைக்கும் வந்தன. ராணுவ டிரெய்லரை வீட்டு வேலைக்கு எடுக்கும் பழக்கம் அப்போதே ஆரம்பித்துவிட்டது.

இன்று கேம்பிங்குக்காகத் தேடப்படுபவை முக்கியமாக மூன்று வகை.

* எம்416: கால் டன் வகை. வியட்நாம் போர்க்கால எம்151 ஜீப்புக்காகச் செய்யப்பட்டது. காலி எடை ஏறத்தாழ 260 கிலோ. இரும்புத் தொட்டி போன்ற உடல். தண்ணீரில் மிதக்கும் அளவுக்கு அடைப்பானது.

* எம்101: முக்கால் டன் வகை. காலி எடை 600 கிலோவுக்கு மேல்.

* எம்1101, எம்1102: ராணுவத்தின் ஹம்வீ வாகனத்துக்காகச் செய்யப்பட்டவை. உடல் அலுமினியம். காலி எடை ஏறத்தாழ 660 கிலோ. இதில் பிரேக்கும் உண்டு.

ஒரு சுவாரசியமான விஷயம்: எம்151 ஜீப் எளிதில் கவிழும் தன்மை கொண்டது என்பதால், பொதுமக்கள் கைக்குப் போகாமல் இருக்க ராணுவம் அவற்றை வெட்டித் துண்டாக்கித்தான் கழித்தது. ஆனால் அது இழுத்த எம்416 டிரெய்லர் முழுசாகவே வெளியே வந்தது. அதனால்தான் இன்றும் அது பழைய சந்தையில் கிடைக்கிறது.

எங்கே, எப்படி வாங்குறது?

அமெரிக்க ராணுவம் கழிக்கும் பொருட்களைக் கையாள்வது 'டி.எல்.ஏ டிஸ்போசிஷன் சர்வீசஸ்' என்ற அரசு அமைப்பு. வண்டி, டிரெய்லர் போன்றவை ஒப்பந்தம் எடுத்த ஆன்லைன் ஏல நிறுவனங்கள் வழியாக விற்கப்படுகின்றன. கவ்பிளானட் தளம் இதில் பிரபலம். மற்ற அரசுத் துறைகள் கழிக்கும் வண்டிகள் ஜி.எஸ்.ஏ ஏலத் தளத்தில் வரும்.

ஏலத்தில் ஒரு விதி முக்கியம்: 'இருக்கிறபடியே, இருக்கிற இடத்திலேயே'. அதாவது, எந்த நிலையில் இருக்கிறதோ அப்படியே உங்களுக்கு. உத்தரவாதம் கிடையாது. குறிப்பிட்ட நாளுக்குள் நீங்களே போய் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த இடம் உங்க வீட்டிலிருந்து ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருந்தால், டீசல் செலவும் வாடகை வண்டிச் செலவும் ஏல விலையைத் தாண்டிவிடலாம். ஏலத் தொகைக்கு மேல் ஏலக் கட்டணமும் வரியும் தனி.

சில பொருட்களுக்கு 'கடைசியாக யார், எதற்காகப் பயன்படுத்தப் போகிறார்' என்று உறுதிச் சான்றிதழ் கேட்பார்கள். அதற்கு ஒப்புதல் வந்த பிறகுதான் பொருள் கைக்கு வரும். இதற்கே வாரக்கணக்கில் ஆகலாம். ஏல அறிவிப்பில் இது எழுதப்பட்டிருக்கும். அதைப் படிக்காமல் ஏலம் கேட்காதீங்க.

இன்னொன்று: ஏலத்தில் எடுத்த டிரெய்லரை அப்படியே மாட்டி வீட்டுக்கு இழுத்து வருவது ஆபத்து. விளக்கு எரியாது, நம்பர் பிளேட் இருக்காது, டயர் பல வருஷம் பழையதாக இருக்கும். அதை வேறொரு பெரிய டிரெய்லரில் ஏற்றி வருவதே சரி.

பேப்பர் இல்லைன்னா என்ன ஆகும்?

இதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ராணுவ வண்டிக்கு நம்மகிட்ட இருப்பது போன்ற ஆர்.சி. புத்தகம் கிடையாது. அதற்குப் பதிலாக அரசு தரும் படிவம் எஸ்.எஃப்-97. இதைக் காட்டித்தான் மாநிலப் போக்குவரத்து அலுவலகத்தில் உரிமைப் பத்திரம் வாங்க முடியும்.

எல்லா ஏலப் பொருளுக்கும் இந்தப் படிவம் வராது. வந்தாலும் சிலவற்றில் 'சாலைப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று குறிப்பு இருக்கும். மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. ஒரு மாநிலத்தில் எளிதாகப் பதிவாகும் டிரெய்லர், பக்கத்து மாநிலத்தில் நிராகரிக்கப்படலாம்.

தனிநபரிடம் பழைய எம்416 வாங்கும்போது இன்னும் கவனம் தேவை. 'பேப்பர் எல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்' என்று விற்பவர் சொன்னால், பணத்தையும் அப்புறமே கொடுங்க. டிரெய்லரில் அடித்திருக்கும் தகட்டில் உள்ள வரிசை எண்ணும் பேப்பரில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். முதலில் உங்க மாநில அலுவலகத்தில் 'இந்த மாடலைப் பதிவு பண்ண என்னென்ன வேணும்?' என்று கேட்டுவிட்டு, பிறகு ஏலத்துக்குப் போவதே புத்திசாலித்தனம்.

எடைக் கணக்கு: இதுதான் முக்கியம்

ராணுவ டிரெய்லர் பலமாக இருக்கக் காரணம், அதில் இரும்போ அலுமினியமோ தாராளமாகப் போட்டிருக்கிறார்கள். அந்தப் பலம்தான் எடை. அதை இழுக்க ராணுவத்திடம் ஹம்வீ இருந்தது. உங்ககிட்ட என்ன இருக்கு?

உதாரணத்துக்கு, அமெரிக்காவில் விற்ற ஜீப் ரேங்ளர் ஜேகே மாடலை எடுத்துக்கொள்வோம். இரண்டு கதவு வண்டியின் இழுவை வரம்பு 2,000 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 907 கிலோ. நான்கு கதவு வண்டிக்கு அதிகபட்சம் 3,500 பவுண்டு, ஏறத்தாழ 1,588 கிலோ.

இப்போ கேம்பிங் சாமான்களைக் கூட்டிப் பார்ப்போம். இது ஒரு சாதாரண உத்தேசக் கணக்குதான்.

* மேலே விரிக்கும் கூடாரம்: 65 கிலோ
* கூடாரம் உட்கார இரும்புச் சட்டம்: 40 கிலோ
* தண்ணீர் 75 லிட்டர்: 75 கிலோ
* ஃபிரிட்ஜும் பேட்டரியும்: 40 கிலோ
* சமையல் கேஸ் சிலிண்டர்: 17 கிலோ
* பாத்திரம், சாப்பாடு, டூல்ஸ்: 40 கிலோ

மொத்தம் 277 கிலோ. இதில் ஸ்டெப்னி டயரைச் சேர்க்கவே இல்லை.

எம்1102 காலியாகவே 660 கிலோ. சாமான்களோடு 937 கிலோ. இரண்டு கதவு ஜீப்பின் வரம்பு 907. புறப்படும் முன்பே 30 கிலோ அதிகம்! நான்கு கதவு ஜீப்புக்கு இது பிரச்சினை இல்லை.

'சரி, அப்போ சின்ன எம்416 போதுமே?' என்று கேட்கலாம். 260 கிலோவோடு 277 சேர்த்தால் 537. ஜீப் சுலபமாக இழுத்துவிடும். ஆனா இங்கே வேறொரு வரம்பு குறுக்கே நிற்கிறது. கரடுமுரடான பாதையில் எம்416 சுமக்க வேண்டிய அதிகபட்ச சுமை 500 பவுண்டு, ஏறத்தாழ 227 கிலோ. நல்ல சாலையில் மட்டுமே 750 பவுண்டு. கால் டன் என்ற பெயரே அதைத்தான் சொல்கிறது. நம்ம சாமான் 277. ஆக, 50 கிலோவை இறக்கியே ஆக வேண்டும்.

எதை இறக்குவது? தண்ணீரில் கை வைப்பது எளிதல்ல. அரசு நிலங்களில் வசதிகள் இல்லாத இடத்தில் கூடாரம் போடுபவர்களுக்கு அங்கே குழாய் இருக்காது. எடுத்துப்போன தண்ணீர்தான். எனவே கனமான இரும்புச் சட்டத்தையும் மேல்கூடாரத்தையும் விட்டுவிட்டு, தரையில் போடும் சாதாரணக் கூடாரத்துக்கு மாறுகிறவர்கள் இருக்கிறார்கள். பழைய வகை 100 ஆம்பியர்-மணி பேட்டரி 30 கிலோ வரை இருக்கும். அதே திறனுள்ள லித்தியம் பேட்டரி அதில் பாதிகூட இருக்காது. இப்படித்தான் எடை குறையும்.

பிரேக் வேணுமா, வேண்டாமா?

எம்416-ல் ஓடும்போது பிடிக்கும் பிரேக் கிடையாது. நிறுத்தி வைக்க ஹேண்ட் பிரேக் மட்டும்தான். எம்1102-ல் இருப்பது 'சர்ஜ் பிரேக்'. முன்னால் போகும் வண்டி வேகம் குறைத்ததும், டிரெய்லர் முன்னோக்கித் தள்ளும் அல்லவா? அந்தத் தள்ளுதலே எண்ணெய் அழுத்தமாக மாறி டிரெய்லர் பிரேக்கைப் பிடிக்கும். தனி ஒயர் தேவையில்லை.

அமெரிக்காவின் பல மாநிலங்களில் 3,000 பவுண்டுக்கு மேல் எடையுள்ள டிரெய்லருக்கு பிரேக் கட்டாயம். கலிஃபோர்னியாவில் 1,500 பவுண்டிலேயே அந்த விதி வந்துவிடும். நம்ம கணக்கில் எம்1102 ஏறத்தாழ 2,066 பவுண்டு. அதாவது கலிஃபோர்னியாவில் அதன் பிரேக் வேலை செய்தே ஆக வேண்டும். அங்கே டிரெய்லர் இழுக்கும் வண்டிக்கு வேக வரம்பும் மணிக்கு 55 மைல்தான்.

இணைப்பில் என்ன சிக்கல்?

சாதாரண அமெரிக்க டிரெய்லர்கள் ஒரு இரும்பு உருண்டையின் மேல் உட்காரும். ராணுவ டிரெய்லரின் முனையில் இருப்பது தடித்த இரும்பு வளையம். அது வண்டியின் கொக்கியில் மாட்டும். மேடுபள்ளத்தில் நன்றாகத் திரும்பிக்கொடுக்கும். ஆனா 'டக் டக்' என்று சத்தம் போடும்.

வளையத்தை வெட்டிவிட்டு உருண்டை இணைப்பு வைக்கலாமா? எம்1102-ல் அவசரப்பட வேண்டாம். சர்ஜ் பிரேக்கின் இயக்கமே அந்த முனையில்தான் இருக்கிறது. அதை வெட்டினால் பிரேக்கும் போச்சு. டிரெய்லரை மாற்றுவதை விட, உங்க வண்டியில் கொக்கியைப் பொருத்துவது எளிது. எதைப் பொருத்தினாலும், கொக்கி கழன்றால் பிடித்துக்கொள்ளும் பாதுகாப்புச் சங்கிலிகள் கட்டாயம்.

டிரெய்லர் சமதளமாக நிற்கிறதா என்று பாருங்க. மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியின் மேல் இறங்க வேண்டும். 937 கிலோ டிரெய்லர் என்றால் அது 94 முதல் 140 கிலோ. அடுப்பு, ஸ்டெப்னி, தண்ணீர் எல்லாவற்றையும் பின்பக்கமே அடுக்கினால் முன்முனை லேசாகி, நெடுஞ்சாலையில் டிரெய்லர் பாம்பு போல ஆட ஆரம்பிக்கும். தண்ணீர்த் தொட்டியை அச்சுக்குச் சற்று முன்னால், முடிந்தவரை தாழ்வாக வைப்பது நல்லது.

சக்கரம், விளக்கு: எதை மாற்ற வேண்டும்?

ராணுவ வண்டியின் மின்சாரம் 24 வோல்ட். உங்க வண்டி 12 வோல்ட். பழைய விளக்கு, ஒயர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு 12 வோல்ட் எல்.இ.டி விளக்கு போடுவதே பலரும் செய்வது. ராணுவத்தின் பெரிய பிளக்கும் உங்க வண்டிக்குப் பொருந்தாது.

டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2312 என்றால் 2012-ம் ஆண்டின் 23-வது வாரம் தயாரித்தது. பூ தேயாமல் பளபளப்பாக இருந்தாலும் பழைய டயரை நம்ப வேண்டாம். சக்கர பேரிங்கைக் கழற்றி, சுத்தம் செய்து, புது கிரீஸ் வைக்காமல் நீண்ட பயணம் போகக் கூடாது.

முடிந்தால் டிரெய்லருக்கும் ஜீப்புக்கும் ஒரே அளவு சக்கரம் போடுவார்கள். ஒரு ஸ்டெப்னி இரண்டுக்கும் உதவும். எடையும் மிச்சம்.

ஹம்வீ வகை சக்கரத்தில் ஒரு உயிர் ஆபத்து இருக்கிறது. அதன் ரிம் இரண்டு துண்டுகளாக, நட்டுகளால் இறுக்கப்பட்டது. சக்கரத்தை அச்சில் பிடிக்கும் நட்டு வேறு, ரிம்மின் இரண்டு பாதியைச் சேர்க்கும் நட்டு வேறு. காற்று இருக்கும்போது தவறான நட்டைக் கழற்றினால் ரிம் வெடித்துச் சிதறும். காற்றை முழுசாக இறக்காமல் அதில் ஸ்பேனர் வைக்கவே கூடாது. தெரிந்தவரிடம் கொடுப்பது நல்லது.

அகலமும் கவனிக்க வேண்டிய விஷயம். ஹம்வீயின் இரு சக்கரங்களுக்கு இடையிலான தூரம் ஏறத்தாழ 72 அங்குலம். ரேங்ளர் ஜேகேவுக்கு 62 அங்குலம். ஜீப் தப்பித்துப் போன பாறையில், பின்னால் வரும் எம்1102-ன் சக்கரம் மோதும்.

டிரெய்லர் ஏன் குதிக்கிறது?

டன் கணக்கில் சுமை ஏற்றச் செய்த அடுக்குப் பட்டை ஸ்பிரிங், பாதி சுமையில் மடங்கவே மடங்காது. டிரெய்லர் பந்து போலக் குதிக்கும். உள்ளே முட்டை மட்டுமில்லை, ஃபிரிட்ஜின் போல்ட்டும் உடையும். சிலர் ஒரு பட்டையை எடுத்துவிடுகிறார்கள், சிலர் லேசான ஸ்பிரிங் போடுகிறார்கள். அப்படிச் செய்தால் சுமை வரம்பும் குறைந்துவிட்டது என்பதை மறக்கக் கூடாது. முதலில் டயர் காற்றைக் குறைத்துப் பார்ப்பது செலவில்லாத வழி.

பச்சை பெயிண்டில் மறைந்திருக்கும் விஷம்

1980-களின் நடுப்பகுதிக்குப் பிறகு அமெரிக்க ராணுவம் 'கார்க்' என்ற ரசாயனத் தடுப்புப் பெயிண்டைப் பயன்படுத்தி வருகிறது. ரசாயன ஆயுதம் பட்டாலும் உறிஞ்சாமல் இருக்க வேண்டும் என்பதற்காக உருவாக்கப்பட்டது. அது காய்ந்து சும்மா இருக்கும்வரை பிரச்சினை இல்லை. அதன் மேல் வெல்டிங் வைத்தாலோ, தீயில் சூடாக்கினாலோ நுரையீரலைப் பாதிக்கும் ஐசோசயனேட் புகை வரும். கிரைண்டர் வைத்தால் வரும் தூசியில் அடிப்பூச்சின் குரோமியம் கலந்திருக்கலாம். அதற்கும் முந்தைய பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு.

அதனால், வீட்டு வாசலில் குழந்தைகள் விளையாடும் இடத்தில் சுரண்டும் வேலை வேண்டாம். வெல்டிங் செய்யும் இடத்தில் பெயிண்டை முறையாக அகற்றிய பிறகே நெருப்பு வைக்க வேண்டும். அதற்கு ஏற்ற முகக்கவசம் கட்டாயம். துணி மாஸ்க் போதாது. முடிந்தவரை வெல்டிங் இல்லாமல் போல்ட் போட்டு முடிப்பதே எளிய வழி. எம்1102-ன் அலுமினிய உடலில் இரும்பை நேரடியாக வெல்டிங் செய்யவும் முடியாது.

கேஸ் சிலிண்டரை உள்ளே வைக்கலாமா?

கூடாது. சமையல் கேஸ் காற்றை விடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, கீழே தேங்கும். எம்416-ன் உடல் தண்ணீர் புகாத தொட்டி. மேலே மூடியும் போட்டுவிட்டால், கசிந்த கேஸ் வெளியேற வழியே இல்லை. பக்கத்தில் பேட்டரியும் ஃபிரிட்ஜும் இருந்தால் ஒரு சின்னப் பொறி போதும். சிலிண்டரை டிரெய்லருக்கு வெளியே, நிமிர்ந்த நிலையில், கட்டி வைக்க வேண்டும்.

அப்போ, வாங்கலாமா?

நான்கு கதவு ஜீப் அல்லது பிக்கப் வண்டி, சொந்தமாக வேலை செய்யக் கொஞ்சம் இடம், ஓரளவு மெக்கானிக் அறிவு, பொறுமை. இவை இருந்தால் தாராளமாக வாங்கலாம். முகாமில் டிரெய்லரைக் கழற்றி வைத்துவிட்டு, ஜீப்பை மட்டும் எடுத்துக்கொண்டு சுற்றலாம் என்பது பெரிய வசதி. சின்ன வண்டி, அடுத்த மாதமே பயணம் என்றால் இது உங்களுக்கானது அல்ல.

சுருக்கமா சொன்னா:

* உங்க வண்டியின் இழுவை வரம்பை முதலில் பாருங்க. டிரெய்லரைத் தேடுவது அதற்குப் பிறகு.
* சாமான்களை வீட்டிலேயே எடை போட்டு, டிரெய்லரின் சுமை வரம்போடு ஒப்பிடுங்க.
* பேப்பர் பற்றி உங்க மாநில அலுவலகத்தில் கேட்டுவிட்டு ஏலம் கேளுங்க.
* டயர், பேரிங், விளக்கு, சங்கிலி: இந்த நான்கும் முடியாமல் சாலையில் இறக்காதீங்க.
* ஹம்வீ ரிம், பச்சை பெயிண்ட், கேஸ் சிலிண்டர்: இந்த மூன்றும் உயிர் சம்பந்தப்பட்டவை.

எல்லா சாமானும் ஏற்றிய பிறகு, லாரிகளை எடை போடும் மேடையில் ஒருமுறை நிறுத்திப் பாருங்க. செலவு சொற்பம். அங்கே வரும் எண் உங்க வரம்புக்குள் இருந்தால், தைரியமா கிளம்பலாம்.